அந்த இன்னொரு மாத்திரை என்ன என்று கேளுங்கள்

திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 54 வயது, பீடி சுற்றுகிறவர். இரண்டு மாதமாக அசதி, இடது விலாவுக்குக் கீழே கல்லை வைத்த மாதிரி கனம், நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. பாளையங்கோட்டையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளையணு 1,80,000. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்ததில் சிஎம்எல் என்கிற ரத்தப் புற்றுநோய், நல்லவேளையாக ஆரம்பக் கட்டம். அங்கே டாக்டர், இப்போதுதான் நோய் தெரியவந்தவர்களுக்கு ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறோம், சேருகிறீர்களா என்று கேட்டு, 26 பக்க ஒப்புதல் தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். குலுக்கலில் பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கிற இமாடினிப் மாத்திரை. தாய்மாமா, "எலிக்குப் பதிலா எங்கக்காதான் கிடைச்சாளா" என்று குதிக்கிறார். அடுத்த வியாழக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். சேரலாமா, வேண்டாமா?

கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: "அம்மாவிடம் ரத்தசோகை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்." அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன், அதுதான் பெரிய விஷயம்.

நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் 11 வருடம் ட்ரையல் (மருந்துச் சோதனை) கோஆர்டினேட்டராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவன். தாளைப் படித்துக் காட்டுவது, ரத்தக் குழாயில் லேபிள் ஒட்டுவது, மிச்ச மாத்திரையை எண்ணுவது, ராத்திரி ரெண்டு மணிக்கு வரும் போனை எடுப்பது, இதுதான் என் வேலை. அந்த அளவுக்கு என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள், மருந்து விஷயத்தில் முடிவு உங்கள் டாக்டருடையது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீழே சொல்கிற நாலைந்து விஷயமும் தாளில் ஒழுங்காக இருந்தால் சேரலாம், எங்கம்மாவாக இருந்தால் நான் சேர்ப்பேன்.

முதலில் மாமாவின் எலியைப் பார்த்துவிடுவோம். ஒரு மருந்து எலி, மற்ற விலங்குகள் எல்லாம் தாண்டித்தான் மனிதரிடம் வருகிறது. மனிதரிலும் முதல் கட்டத்தில் கொஞ்சம் பேரிடம் எவ்வளவு அளவு உடம்பு தாங்கும் என்று பார்ப்பார்கள், இரண்டாம் கட்டத்தில் கேட்கிறதா என்று பார்ப்பார்கள், மூன்றாம் கட்டத்தில்தான் நூற்றுக்கணக்கான பேரை வைத்து இப்போதிருக்கும் மருந்தோடு மோதவிடுவார்கள். ரத்தப் புற்றுநோயில் அந்த முதல் கட்டத்துக்குப் பெரும்பாலும் வருகிறவர்கள், மற்ற மருந்தெல்லாம் கைவிட்டவர்கள். இமாடினிப்பே அப்படித்தான் வந்தது. 1998 ஜூனில் அமெரிக்காவில் பிரையன் ட்ரூக்கர் என்ற டாக்டரின் குழு அதை முதல்முதலாக மனிதருக்குக் கொடுத்தபோது, வாங்கிக்கொண்டவர்கள் இன்டர்ஃபெரான் ஊசி கேட்காமல் போனவர்கள். அதில் நன்றாகக் கேட்ட பிறகுதான் "இதை முதலிலேயே கொடுத்தால் என்ன" என்று புதிதாக நோய் தெரிந்தவர்களிடம் வந்தார்கள். ஆக மாமா நினைப்பதற்கு நேர் தலைகீழ். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் உப்பு, காரம் பார்த்துச் சொல்லியாயிற்று, அம்மாவைக் கூப்பிடுவது மூணாவது பந்திக்கு. ஆனால் இது உங்கள் தாளில் "மூன்றாம் கட்டம்" என்று போட்டிருந்தால்தான் பொருந்தும். முதல் பக்கத்திலேயே இருக்கும், பாருங்கள். "முதல் கட்டம்" என்று இருந்தால் இந்தப் பதிலை இத்தோடு மூடிவிட்டு, நல்ல மருந்து கையில் இருக்கும்போது எங்கம்மாவை ஏன் இதற்குக் கேட்கிறீர்கள் என்று டாக்டரிடமே கேளுங்கள்.

புது நோயாளிதான் வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறார்கள்? பிசானப் பட்டத்துக்குப் புது நெல் விதை ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே வயலை நடுவில் வரப்புப் போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் பழைய விதை, அந்தப் பக்கம் புது விதை, ஒரே தண்ணீர், ஒரே உரம் என்று பார்ப்போம். ஏற்கெனவே மூணு பூச்சிமருந்து அடித்த வயலில் போட்டுப் பார்த்தால் என்ன தெரியும்? நோயும் அப்படித்தான், மருந்து படாத நோயில்தான் மருந்தின் உண்மையான பலம் தெரியும். குலுக்கலும் அதற்குத்தான். டாக்டரே ஆள் பார்த்துக் கொடுத்தால், தெம்பாக இருப்பவருக்குப் புது மருந்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் "பாருங்கள், புதுசு எவ்வளவு நல்லது" என்பார். வேண்டுமென்று செய்யாவிட்டாலும் கை தானாக அங்கே போகும். அதனால் கம்ப்யூட்டர் போடுகிற பூவா தலையாதான், அதில் டாக்டருக்கும் சொல் கிடையாது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். ட்ரையலில் சேரச் சொன்னால் எல்லாரும் புது மருந்தைப் பற்றியே கேட்கிறார்கள். நல்லதா, பக்கவிளைவு என்ன, எந்த நாட்டு மருந்து. எனக்கு அலுத்துப்போன கேள்விகள். நீங்கள் கேட்க வேண்டியது குலுக்கலில் அந்தப் பக்கம் விழுந்தால் என்ன கிடைக்கும் என்பதை. ஏனென்றால் அம்மாவுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு அதுதான். ட்ரையலில் சேராமல் இருந்தால் அம்மாவுக்கு என்ன கொடுப்பார்களோ அதுவே அந்தப் பக்கமும் இருந்தால், மருந்து விஷயத்தில் உங்களுக்கு இழப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அதைவிட மட்டமான ஒன்றாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் அந்தப் பக்கம் இமாடினிப். அது எப்பேர்ப்பட்ட மருந்து என்று தெரிந்தால் மாமா கொஞ்சம் அடங்குவார். சிஎம்எல்லில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் ஒரு துண்டை மாற்றிக்கொள்கின்றன, அதில் பிறக்கிற பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற புரதம், அணைக்க மறந்த மோட்டார் மாதிரி வெள்ளையணுவை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. இமாடினிப் அந்த ஸ்விட்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஐரிஸ் என்ற ட்ரையல், உங்கள் அம்மா மாதிரி அப்போதுதான் நோய் தெரிந்த 1,106 பேரை வைத்து நடந்தது. ஒரு பாதிக்கு இமாடினிப், மறு பாதிக்கு அன்றைய வழக்கமான இன்டர்ஃபெரான், சைட்டராபின் ஊசிகள். பதினெட்டு மாதத்தில் குரோமோசோம் கோளாறு முழுசாக மறைந்தவர்கள் இமாடினிப் பக்கம் 76 சதவீதம், மறுபக்கம் 14 சொச்சம். ஊசிப் பக்கம் விழுந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதை விட்டுவிட்டார்கள் அல்லது மாத்திரைக்கு மாறிக்கொண்டார்கள், அப்படி மாற ட்ரையல் விதியே இடம் கொடுத்திருந்தது. (இந்த "மாறிக்கொள்ளலாம்" என்ற வரி உங்கள் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.) பத்து வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது இமாடினிப் பக்கம் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அதற்கு முன்னால் சிஎம்எல் என்றால் நாலைந்து வருடம் என்று கையை விரித்த நோய் இது.

இந்த மாத்திரை நமக்கு மலிவாகக் கிடைப்பதற்கும் ஒரு கதை உண்டு, சென்னை காப்புரிமை அலுவலகம் 2006இல் இதன் புது வடிவத்துக்குக் காப்புரிமை கிடையாது என்று சொன்னது, கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போய் 2013 ஏப்ரல் 1 அன்று தோற்றது. கம்பெனி மருந்து மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் என்று பேசப்பட்ட காலத்திலேயே உள்ளூர் மாத்திரை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கிடைத்தது.

அப்படியானால் புது மருந்து எதற்கு என்று கேட்பீர்கள், நியாயம்தான். நீங்கள் மருந்தின் பெயரைச் சொல்லவில்லை, அதனால் வெளிவந்த ஒன்றை உதாரணமாகச் சொல்கிறேன். அசிமினிப் என்ற மாத்திரை அதே புரதத்தில் வேறொரு பொந்தில் போய் உட்காருகிறது. முதலில் குறைந்தது இரண்டு மருந்தாவது பார்த்துவிட்டவர்களிடம் சோதித்தார்கள், அதில் தேறியதும் புதிதாக நோய் தெரிந்த 405 பேரிடம் வந்தார்கள். 48 வாரத்தில் நோயின் அளவு 0.1 சதவீதத்துக்குக் கீழே இறங்கியவர்கள் அசிமினிப் பக்கம் 67.7 சதவீதம், பழைய மருந்துகளின் பக்கம் 49 சதவீதம். 2024இல் முடிவு வெளியானது. நல்ல வித்தியாசம்தான், ஆனால் அளந்தது என்ன என்று கவனியுங்கள்: நோய் எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதை. ஆள் எத்தனை வருடம் கூடுதலாக இருப்பார் என்பதை இல்லை, அதைச் சொல்ல இன்னும் காலம் ஆகும். ஆழமாக இறங்கி சில வருடம் அப்படியே நின்றால் மாத்திரையையே நிறுத்திப் பார்க்கலாம், நிறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மாத்திரை இல்லாமலே இருந்துவிடுகிறார்கள். அதுதான் ஆசை. ஆக உங்கள் அம்மாவுக்கு இந்த ட்ரையல் உயிரா சாவா என்ற கேள்வி இல்லை, நல்லதா அதைவிடக் கொஞ்சம் நல்லதா என்ற கேள்வி. மாமா கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாம்.

எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் இப்படி நிதானமாகப் பேச முடியாது. ஏஎம்எல் என்ற வேகமான வகையில், வயதானவர்களுக்கு அசாசிட்டிடின் ஊசியோடு வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரையைச் சேர்த்துப் பார்த்த ட்ரையலில் 431 பேர், 2020இல் முடிவு வந்தது: பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமாக நீண்டது. அங்கே அந்த ஐந்து மாதம்தான் பேச்சே. ஏபிஎல் (APL, மேலே சொன்ன புரதம் இல்லை, இது வேறு) என்ற இன்னொரு வகைக்கு ஒருநாள் தாமதமும் ஆபத்து, அங்கே "வியாழக்கிழமை வந்து சொல்லுங்கள்" என்று யாரும் அனுப்ப மாட்டார்கள். அந்த ஏபிஎல்லுக்கு என்ன மருந்து தெரியுமா? ஆர்சனிக், நம்ம வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது. சீனாவின் ஹார்பினில் 1970களில் இது தொடங்கியது, வேலூர் சிஎம்சியில் 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு ஆர்சனிக்கை மட்டுமே வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள், 86 சதவீதம் பேருக்கு நோய் முழுசாக அடங்கியது. பாளையங்கோட்டையில் 1964லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வேலை செய்தது பாஷாணம் மட்டும் இல்லை, தினமும் எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், இசிஜி எப்படி இருக்கிறது என்று அளந்து அளந்து கொடுத்ததும்தான். இதைப் படித்துவிட்டு யாராவது அம்மாவுக்குப் பஸ்பம் வாங்கிக் கொடுத்தால் நான் பொறுப்பில்லை. ஏற்கெனவே கஷாயம், சூரணம் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஈரலைப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை எகிறும்போது எது காரணம் என்று தெரியாமல் புது மருந்தை நிறுத்தி, ட்ரையலிலிருந்தே வெளியே எடுத்துவிடுவார்கள். இப்படி வெளியே போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று கேட்டிருந்தீர்கள், "ஒரு கேப்சூல் மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், புற்றுநோய்க்கு இவ்வளவுதானா" என்று. அது ஹைட்ராக்ஸியூரியாவாக இருக்கும். வெள்ளையணுவைக் கொஞ்சம் இறக்கி வைக்க. முக்கிய மருந்தை ஆரம்பித்துவிட்டால் "புது நோயாளி" என்ற தகுதி போய்விடும் என்பதால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சிஎம்எல் ஆரம்பக் கட்டத்தில் ஒன்றிரண்டு வாரம் இப்படிப் போவதால் கெடுதல் இல்லை. ஆனால் காய்ச்சல், மூச்சுமுட்டல், இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் பக்கம் திடீர் வலி என்றால் வியாழக்கிழமை வரை காத்திருக்காதீர்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

இப்போது தாளை எடுங்கள். தமிழ்ப் பிரதி கொடுத்திருக்க வேண்டும், இங்கிலீஷ் மட்டும் கொடுத்திருந்தால் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. (தமிழ்ப் பிரதியும் சில சமயம் இங்கிலீஷைவிடக் கஷ்டமாக இருக்கும், "சீரற்ற ஒதுக்கீடு" என்று போட்டிருப்பார்கள், அதுதான் குலுக்கல்.) மேலே சிடிஆர்ஐ என்று தொடங்கும் ஒரு பதிவு எண் இருக்கும், 2009 ஜூனிலிருந்து இந்தியாவில் எந்த ட்ரையலும் அந்தப் பதிவேட்டில் ஏறாமல் நடக்கக் கூடாது. போனில் தேடினால் வந்துவிடும். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை பேர், எதை அளக்கிறார்கள் எல்லாம் அங்கே இருக்கும். அடுத்து, கடைசிப் பக்கங்களில், நோயாளியின் பாதுகாப்பைப் பார்க்கிற நெறிமுறைக் குழுவின் போன் நம்பர். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், டாக்டர் அல்லாத சாதாரண ஆள் ஒருவரும் சட்டம் தெரிந்தவர் ஒருவரும் உட்பட. ஆஸ்பத்திரியில் யாராவது சரியாகப் பதில் சொல்லாவிட்டால் அந்த நம்பருக்கு நீங்களே பேசலாம். என் 11 வருடத்தில் பேசியவர்கள் இரண்டே பேர், இரண்டு பேருக்கும் மறுநாளே வேலை நடந்தது.

பணம். மருந்து, ட்ரையலுக்கான ரத்தப் பரிசோதனை எல்லாம் இலவசமாக இருக்க வேண்டும். ரத்தத்தில் நோய் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மூணு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற பிசிஆர் (PCR) டெஸ்ட் வெளியே எடுத்தால் ஆயிரக்கணக்கில் ஆகும், ஆனால் சிஎம்எல்லில் அதுதான் எல்லாம்: மூணாம் மாதம் 10 சதவீதத்துக்குக் கீழ், ஆறாம் மாதம் 1 சதவீதத்துக்குக் கீழ், ஒரு வருடத்தில் 0.1. வெளியே இருப்பவர்கள் காசுக்குப் பயந்து இந்த டெஸ்டைத் தள்ளிப்போட்டுத்தான் கோட்டை விடுகிறார்கள். ட்ரையலில் தள்ளிப்போட விடமாட்டார்கள், எனக்குத் தெரிந்து நம்ம ஆட்களுக்குக் கிடைக்கிற பெரிய லாபமே அதுதான், புது மருந்துகூட இல்லை. மருந்தால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவசமாகப் பார்க்க வேண்டும், நஷ்டஈடு உண்டு, 2019 மருந்துச் சோதனை விதிகளில் 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து வயது, ஆபத்து எல்லாம் போட்டுக் கணக்கிடுகிற சூத்திரமே இருக்கிறது.

ஆனால் ஒரு இடத்தில் உஷார். ட்ரையல் முடிந்ததும் புது மாத்திரை தொடர்ந்து இலவசமாகக் கிடைக்குமா? அதே 2019 விதிகள், வேறு சிகிச்சையே இல்லாத நோயாக இருந்தால்தான் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்கின்றன. சிஎம்எல்லுக்கு இமாடினிப் இருக்கிறதே! அதனால் கம்பெனி தானாக ஒப்புக்கொண்டு தாளில் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் ட்ரையல் முடிந்ததும் அம்மா வேறு மாத்திரைக்கு மாற வேண்டிவரும். டாக்டர் வாயால் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றால் போதாது, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பயணம்தான் நிஜமான கஷ்டம். முதல் மாதம் வாராவாரம்கூடக் கூப்பிடுவார்கள், அப்புறம் மாதம் ஒருமுறை, அப்புறம் மூணு மாதம். ரயில் காசு கொடுத்தாலும் கூட வருகிற ஆளுக்கு வேலை போகும், அம்மாவுக்குப் பீடிக் கூலி போகும். அதே ட்ரையல் திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ நடக்கிறதா என்று சிடிஆர்ஐயில் பாருங்கள், நமக்குச் சென்னையைவிட அது பக்கம்.

சாப்பாடும் கேளுங்கள். இமாடினிப்பைச் சாப்பிட்டுவிட்டுப் பெரிய டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும். அசிமினிப், நிலோட்டினிப் மாதிரி மருந்துகளுக்கு வெறும் வயிறு, முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம். காலையில் எழுந்ததும் பால் காபி குடித்துவிட்டு முறத்தோடு உட்காருகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாத்திரை வருகிற டப்பாவையும் மாற்றக் கூடாது. சேரன்மகாதேவிப் பக்கத்து ஆச்சி ஒருவர் இரண்டாம் மாதம் வந்தபோது மாத்திரையைச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு கொண்டுவந்தார். டப்பா எங்கே ஆச்சி என்றால், "அது நல்ல டப்பாவா இருக்கேன்னு கடுகு போட்டு வச்சிருக்கேன்லா" என்றார். நான் மிச்சம் எண்ண வேண்டும், டப்பாவைக் கம்பெனிக்குக் கணக்குக் காட்ட வேண்டும், மாத்திரையோ ஈரத்தில் ஊறிச் சுண்ணாம்பு நிறமாகிவிட்டது. பேரன் அடுத்த வாரம் கூரியரில் டப்பாவை அனுப்பினான், அடியில் நாலு கடுகு ஒட்டிக்கொண்டிருந்தது.

இனி அந்தக் கடைசி வரி. அம்மாவுக்குத் தெரியாமல் அம்மாவை ட்ரையலில் சேர்க்க முடியாது, தம்பி. கையெழுத்து அம்மா போட வேண்டும். நீங்கள் இல்லை, மாமா இல்லை. படிக்கத் தெரியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத, படித்த ஒரு சாட்சி முன்னால் முழுசும் வாசித்துக் காட்டி ரேகை வாங்குவார்கள், சில ட்ரையல்களில் அதை வீடியோவே எடுப்பார்கள். அதில் முதல் வரியே "உங்களுக்கு ரத்தப் புற்றுநோய்" என்று இருக்கும். வீட்டார் வெளியே நின்று, "சார், அந்த வார்த்தையை மட்டும் விட்டுட்டுப் படிங்க" என்று என் கையைப் பிடித்திருக்கிறார்கள். அப்படி விட்டுவிட்டுப் படித்த ஆட்களும் உண்டு, ஒருநாள் மத்தியானம் ஓபி முடிகிற அவசரத்தில் ஒருவர் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் கையெழுத்து வாங்கியதை நானே பார்த்தேன். மூணாம் மாதம் அந்த நோயாளி பக்கத்துப் பெட்காரர் சொல்லித் தன் நோயைத் தெரிந்துகொண்டார், அதற்கப்புறம் மாத்திரையைத் தொடவில்லை, எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பயம் எனக்குப் புரிகிறது, நம்ம ஊரில் அந்த வார்த்தையைச் சொல்லவே குரலைத் தாழ்த்துவார்கள். ஆனால் வருடக்கணக்கில் தினமும் மாத்திரை போட வேண்டிய ஆள் அவர். கண்ணிமை வீங்கும், காலில் குறண்டும், தோல் கொஞ்சம் வெளுக்கும், ரத்தசோகைக்கு எதற்கு இவ்வளவு என்று ஆறாம் மாதம் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டால் இமாடினிப்பும் உதவாது, புதுசும் உதவாது. கயத்தாறு பக்கம் ஒரு அம்மாவிடம் மகன்கள் மூணு வாரம் மறைத்துவிட்டு, அழுதுகொண்டே சொன்னபோது அவர், "இதுதானா? நீங்க மொகத்த வச்சிருந்த வெதத்துல, வீட்ட வித்துட்டியளோன்னு நெனச்சேன்" என்றார். எல்லாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சரி. ஆனால் வியாழக்கிழமைக்கு முன்னால் சொல்லுங்கள். வேண்டாம் என்று அம்மா சொன்னால் அதுவும் சரிதான், இமாடினிப் எங்கேயும் போய்விடாது, சேர்ந்த பிறகு நடுவில் விலகினாலும் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது என்றுதான் விதி. வீட்டில் வைத்து, மாமாவை வெளியே எங்காவது அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து சொல்லாதீர்கள், விருதுநகர் தாண்டுவதற்குள் அந்தப் பெட்டியில் இருக்கிற எல்லாரும் மருந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.